ஃபோகஸ் புள்ளியை யார் தேர்ந்தெடுப்பது?

கிளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் பறவையை எடுத்தால், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இலை பளிச்சென்று விழுந்திருக்கும், பறவை மங்கிப்போயிருக்கும். பலரும் உடனே லென்ஸைக் குறை சொல்வார்கள். ஆனால் படத்தில் எந்த இடத்தைக் கூர்மையாக்குவது என்று குறிக்கும் ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கேமராவிடம் விட்டிருந்தால், லென்ஸ் மேல் தப்பில்லை. முகமோ கண்ணோ கண்ணில் படாதபோது, கேமரா பெரும்பாலும் தன் புள்ளிகளுக்குள் அகப்படுவதில் மிக அருகில் உள்ளதையே பிடித்துக்கொள்ளும். எடுக்க நினைப்பது முன்னால்தான் இருக்கும் என்பது அதன் ஊகம். பல நேரம் பலிக்கும், இலை குறுக்கே வந்தால் பலிக்காது.

சரி, ஒரு புள்ளி என்னதான் பார்க்கிறது? கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தி, இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறி மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவதுபோல் தெரியும். கேமராவும் லென்ஸின் ஒரு பாதி வழியாக வரும் ஒளியையும் மறுபாதி வழியாக வரும் ஒளியையும் பிரித்து, இரண்டு பிம்பங்களை ஒப்பிடுகிறது. ஃபோகஸ் சரியாக இருந்தால் இரண்டும் பொருந்தும். இல்லாவிட்டால் விலகும். விலகும் திசையை வைத்து லென்ஸை எந்தப் பக்கம் நகர்த்துவது என்றும், விலகிய அளவை வைத்து எவ்வளவு நகர்த்துவது என்றும் கேமரா கணக்கிட்டுவிடும். முன்னும் பின்னும் நகர்த்தித் தேடவேண்டிய அவசியம் இல்லாததால்தான் இந்த முறை இவ்வளவு வேகம்.

இதில் ஒரு பலவீனம் உண்டு. இடம் வலமாக ஒப்பிடும் புள்ளிக்கு, செங்குத்தான கோடு ஒன்று அகப்பட வேண்டும். படுக்கைக் கோடுகள் மட்டும் இருந்தால், பிம்பம் இடம் வலமாக நகர்ந்தாலும் தோற்றத்தில் மாற்றம் எதுவும் இராது. கேமரா எதை வைத்து ஒப்பிடும்? ஜன்னலில் தொங்கும், படுக்கைவாட்டில் பட்டைகள் அடுக்கிய திரையைக் கேமராவின் நடுப்புள்ளியில் வைத்துப் பாருங்கள். ஃபோகஸ் தடுமாறினால், கேமராவைச் சற்றே சாய்த்துப் பிடியுங்கள். பெரும்பாலும் உடனே பிடித்துவிடும். வெறும் வெள்ளைச் சுவரில் எப்படிச் சாய்த்தாலும் பயனில்லை, அங்கே கோடே கிடையாது.

இரண்டு திசையிலும் ஒப்பிடக்கூடிய குறுக்குவகைப் புள்ளிகளும் உண்டு. 2008இல் வந்த கேனான் 5டி மார்க் 2 கேமராவில் தெரிவுசெய்யக்கூடிய புள்ளிகள் 9. அவற்றில் நடுவில் இருப்பது மட்டுமே குறுக்குவகை. வெளிச்சம் குறைந்த இடத்தில் அதன் ஓரப்புள்ளிகளை நம்பாமல், பலர் நடுப்புள்ளியிலேயே ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் இதுதான். 2018இல் வந்த சோனி ஏ7 3 மாடலில் 693 புள்ளிகள், படத்தின் பெரும்பகுதிக்கும் பரவியிருந்தன. என்னைக் கேட்டால், இந்த எண்ணிக்கையைவிட அந்தப் பரவல்தான் பெரிய முன்னேற்றம்.

ஏனென்றால், நடுப்புள்ளியில் ஃபோகஸ் செய்து, அந்த ஃபோகஸ் மாறாதபடி ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்து, படத்தை விரும்பியபடி அமைக்கக் கேமராவைத் திருப்பும் பழைய வழக்கத்தில் ஒரு கணக்குப் பிழை ஒளிந்திருக்கிறது. ஃபோகஸ் ஆகும் பரப்பு, கேமராவுக்கு நேர் எதிரே சுவர்போல் நிற்கும் ஒரு தளம். கேமராவைத் திருப்பினால் அந்தத் தளமும் சேர்ந்து திரும்பும். 35 மி.மீ. லென்ஸில், 1 மீட்டர் தூரத்தில் உள்ள கண்ணை ஃபோகஸ் செய்துவிட்டு 20 டிகிரி திருப்பினால், தளம் கண்ணுக்குப் பின்னால் சுமார் 6 செ.மீ. தள்ளிப்போகும். முழுச்சட்டக (35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள) சென்சாரில் அபெர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எஃப் 1.4 என்று அகலமாக இருந்தால், கூர்மை கிடைக்கும் மொத்த ஆழமே ஏறத்தாழ 7 செ.மீ.தான். அதில் முன்பக்கத்துக்குக் கிடைப்பது பாதி. கண் அதற்கு வெளியே போய்விடும். திறப்பை எஃப் 8க்குச் சுருக்கினால் இந்தப் பிழை தெரியாது. அகலத் திறந்த லென்ஸில்தான் வம்பு. அப்போது புள்ளியையே கண்மேல் நகர்த்திவிடுவது நல்லது.

புள்ளியைத் தேர்ந்தெடுக்க விரலே வேண்டாம், பார்வையே போதும் என்று 1992இலேயே முயன்றது கேனான். அதன் ஈஓஎஸ் 5 ஃபிலிம் கேமராவில் 5 புள்ளிகள். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் எதைப் பார்க்கிறோமோ அது தேர்வாகும். பிறகு ஓரங்கட்டப்பட்ட அந்த வசதி, 2021இல் ஈஓஎஸ் ஆர்3 மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவில் திரும்பி வந்தது.

இப்போதைய கேமராக்கள் முகத்தையும் கண்ணையும் தாமே கண்டுபிடிக்கின்றன. ஆளை எடுக்கும்போது அதை நம்பலாம். ஓடும் பிள்ளைக்கும் பறக்கும் பறவைக்கும் ஒற்றைப் புள்ளி சரிப்படாது. பொருள் புள்ளியைவிட்டு நழுவிக்கொண்டே இருக்கும். அங்கே பல புள்ளிகள் சேர்ந்த வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்து, பொருள் நகர நகர ஃபோகஸையும் மாற்றிக்கொண்டே இருக்கும் தொடர் ஃபோகஸில் போட்டுவிட வேண்டும். அசையாத பூ, கிளைக்குள் பறவை, கம்பி வலைக்குப் பின்னால் விலங்கு போன்றவற்றுக்கு ஒற்றைப் புள்ளிதான், அதிலும் கிடைப்பதில் சிறியது. ஒன்று கவனிக்கணும்: டிஎஸ்எல்ஆரின் (உள்ளே கண்ணாடி வைத்த டிஜிட்டல் கேமராவின்) வியூஃபைண்டரில் தெரியும் சதுரம் ஓர் அடையாளம்தான். உண்மையில் அளக்கும் பரப்பு அதைத் தாண்டியும் பரவியிருக்கலாம். சதுரம் வலைக்கண்ணுக்குள் அடங்கினாலும் கம்பியே ஃபோகஸ் ஆவது அதனால்தான். அப்புறம் புள்ளியோடு மல்லுக்கட்டாமல், ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றி வளையத்தைக் கையால் திருப்பிவிடுவதே சுலபம்.