ஐப்பசியில் குறி விலகும் துப்பாக்கி

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய ஐயா காலத்து வேட்டைத் துப்பாக்கி, மாஸர் வகை, உரிமத்தோடு வீட்டில் இருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டைக்கு இடமில்லை. ரைஃபிள் கிளப்பில் இலக்குப் பலகையைச் சுடுவதோடு சரி. சித்திரையில் குறி வைத்த இடத்தில் விழும் குண்டு ஐப்பசி மழையில் விலகிப் போகிறதாம். கண் பட்டுவிட்டது என்று ஆயுத பூஜையன்று வீட்டில் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டிருக்கிறார்கள். துப்பாக்கியின் மரக்கட்டைக்குள் பிசின் படுக்கை அமைக்கும் 'பெடிங்' செய்தால் சரியாகும் என்கிறார்களே, வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்கிறார்.

துப்பாக்கியை எடுக்குமுன் வீட்டுக் கதவைப் பாருங்கள். கோடையில் ஒரு விரலால் தள்ளத் திறக்கும் உள்கதவு, கார்த்திகையில் தோள் கொடுத்தால்தான் நகரும். இத்தனைக்கும் அது பர்மா தேக்கு, குறைவாக உப்பும் மரங்களில் ஒன்று. அந்தக் கதவு பக்கவாட்டில்தான் நிலையோடு இறுகும். உயரத்தில் இறுகவே இறுகாது. எனக்கு இந்த விஷயத்தில் அலுக்காத அதிசயம் இதுதான்.

மரத்தின் செல்சுவருக்குள் செல்லுலோஸ் நுண்ணிழைகள் பெரும்பாலும் மரத்தின் நெட்டுவாக்கிலேயே ஓடுகின்றன. அவற்றின் மேற்பரப்பில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் காற்றில் இருக்கும் நீராவியையே பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட நீர் இழைக்கும் இழைக்கும் நடுவே போய் உட்கார்ந்து அவற்றை விலக்கும், இழையை நீட்டாது. கோரைக் கட்டில் ஈரம் ஏறினால் கட்டு பருக்கும், கோரை நீளாது, அது போலத்தான். பச்சை மரம் முழுக்கக் காயும்போது நீளத்தில் 0.1 முதல் 0.2 சதவீதமே சுருங்கும். ஆண்டு வளையங்களின் போக்கில் அதே மரம் 5 முதல் 10 சதவீதம் சுருங்கும். வளையங்களுக்குக் குறுக்கே, அதாவது நடுவிலிருந்து பட்டையை நோக்கி, அதில் ஏறக்குறைய பாதி. மூன்று திசைக்கும் மூன்று கணக்கு என்பதால்தான் பலகை கோணிக்கொள்கிறது.

துப்பாக்கியின் குழலைத் தாங்கும் கட்டைக்கு வால்நட் மரம் போடுவது வழக்கம். 5 செ.மீ. அகலமுள்ள கட்டையில் ஈரம் 4 சதவீதப் புள்ளி ஏறினால் அது அரை மில்லிமீட்டர் வரை அகலும். சுடும்போது குழல் அதிர்கிறது. உப்பிய கட்டை அதை ஒரு பக்கம் தொட்டாலே அதிர்வின் போக்கு மாறிவிடும். 60 செ.மீ. குழலின் நுனி 0.1 மி.மீ. திரும்பினால் 100 மீட்டரில் குண்டு ஒன்றரை செ.மீ.க்கு மேல் விலகும். அப்படியிருக்க, எலுமிச்சம்பழம் என்ன செய்யும்? வீட்டாரின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் திருஷ்டி என்று சொல்லி நிறுத்தியதும் காரணத்தைத் தேடுவதும் அங்கேயே நின்றுவிடுகிறது. அதுதான் எனக்கு வருத்தம்.

பெடிங் என்பது குழல் பொருந்தியிருக்கும் எஃகு உடலுக்கு, அதாவது ஆக்‌ஷனுக்கு, கட்டைக்குள் அசையாத படுக்கை அமைப்பது. மரத்தை இரண்டு மூன்று மில்லிமீட்டர் குடைந்து, எப்பாக்சிப் பிசின் நிரப்பி, மெழுகு பூசிய ஆக்‌ஷனை அதில் அமர்த்தி, இறுகவிட்டுக் கழற்றுவார்கள். மெழுகு ஓரிடத்தில் விட்டுப்போனாலும் எஃகும் மரமும் ஒட்டிக்கொள்ளும், பிறகு கழற்ற வராது. எஃகு உடலின் அடியில் துருத்தும் ரீகாயில் லக் என்ற மேடுதான் பின்னுதைப்பைக் கட்டைக்குக் கடத்துகிறது. அதன் முன்புறத்திலும் பக்கங்களிலும் அடியிலும் டேப் ஒட்டி, பின்முகம் மட்டும் பிசினில் பதியும்படி செய்வார்கள். குழலைக் கட்டையில் படாமல் விடுவதும் உண்டு. ஒரு ரூபாய் நோட்டைக் குழலுக்கடியில் நுழைத்து இழுத்தால் தடையில்லாமல் ஓடவேண்டும்.

இது புதுக் கவலையும் அல்ல. ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆலையில் லீ-என்ஃபீல்டு ராணுவத் துப்பாக்கிகளுக்கு உள்நாட்டு மரம் போட்டபோது, உதை விழும் இடத்தில் செப்புத் தகடு பதித்தார்கள்.

வீட்டில் செய்யலாமா என்றால், வேண்டாம். 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற கைவினைஞரிடம் கொடுங்கள், ஆனால் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கட்டையின் வெளிப்புறம் பளபளவென்று மெருகேறியிருக்கும். தோளில் படும் தகட்டுக்கு அடியிலும் திருகுத் துளைகளுக்குள்ளும் மரம் எதுவும் பூசாமல் வெறுமையாக இருக்கும். அங்கே இழைகளின் வெட்டுமுனை திறந்து கிடப்பதால் ஈரம் பக்கங்களைவிடப் பல மடங்கு வேகமாக ஏறும். அந்த இடங்களிலும் வார்னிஷ் பூசச் சொல்லுங்கள். உங்கள் கதவின் மேல்விளிம்பிலும்தான். அங்கே யாரும் பூசியிருக்கமாட்டார்கள்.