காளைக்குப் போடும் கணக்கு

பாவ்னீ ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப் என்ற ஹோல்ஸ்டீன் கறவை இனக் காளை 1962-இல் அமெரிக்காவில் பிறந்தது. அதன் மகள்கள் பாலைக் கொட்டின. அதனால் அதன் உறைவிந்துக்கு நாடெங்கும் போட்டி. சுமார் 16,000 மகள்கள், 5 லட்சம் பேத்திகள், 20 லட்சத்துக்கும் மேல் கொள்ளுப்பேத்திகள் என்று அதன் வம்சம் பெருகியது. அமெரிக்க ஹோல்ஸ்டீன் மாடுகளின் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 14 சதவீதம் இந்த ஒரு காளையிடமிருந்து வந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அதன் ஒரு குரோமோசோமில் கேடு ஒன்று ஒளிந்திருந்தது. ஏபிஏஎஃப்1 என்ற மரபணு பாதியில் முறிந்திருந்தது. ஒரு பிரதி மட்டும் இப்படியிருந்தால் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் அதே பிரதி வந்தால் கரு வயிற்றிலேயே அழிந்துவிடும். அந்த வம்சத்துக் காளையை அதே வம்சத்துப் பசுவோடு சேர்க்கச் சேர்க்க, சினை கலைவது கூடியது. 35 ஆண்டுகளில் உலகம் முழுவதும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கருக்கள் இப்படி அழிந்திருக்கும் என்பது பின்னாளில் ஆய்வாளர்கள் போட்ட மதிப்பீடு.

சீஃபின் பால் கணக்கில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அளந்தது பாலை மட்டும்தான். பண்ணையாளர்களின் கண்ணுக்கும் இது பிடிபடவில்லை. ஒரு கொட்டகையில் நாலைந்து மாடுகளுக்குச் சினை நிற்காமல் போனால் தீவனத்தைச் சந்தேகிப்போம், வெயிலைச் சந்தேகிப்போம், ஊசி போட்டவரைச் சந்தேகிப்போம். தகப்பன் காளைவரை யாருடைய யோசனையும் போகாது. கடைசியில் இதை வெளிக்கொண்டுவந்தது இன்னும் விரிந்த ஒரு கணக்குதான். 2011-இல் பால் வான்ரேடன் தலைமையிலான அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான மாடுகளின் மரபணுத் தரவை அலசினார்கள். ஐந்தாம் குரோமோசோமின் ஒரு துண்டு பல மாடுகளில் ஒற்றைப் பிரதியாக இருந்தது. இரட்டைப் பிரதியாக உயிரோடு ஒரு மாட்டில்கூட இல்லை. இருக்க வேண்டிய கன்றுகள் இல்லாததே சாட்சியானது.

காளையின் மகள்கள் எவ்வளவு தேறுவார்கள் என்று முன்கூட்டிச் சொல்லும் எண்தான் அதன் மரபு மதிப்பு. அது எப்படி உருவாகிறது என்று தெரிந்தால், அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் தெரியும். பசுவுக்குப் பசு பால் கறவையில் காணும் வேறுபாட்டில் சுமார் 30 சதவீதமே பரம்பரையால் வருவது. மீதி தீவனம், தண்ணீர், பருவம், பராமரிப்பு. சினை பிடிக்கும் திறனில் பரம்பரையின் பங்கு வெறும் 4 சதவீதம் அளவுதான். ஆகவே நன்றாகக் கறக்கும் மாட்டைப் பார்த்து 'நல்ல இனம்' என்று கண்ணால் முடிவுகட்டினால், பெரும்பாலும் நல்ல தீவனத்தைத்தான் பாராட்டிக்கொண்டிருப்போம். இதைப் பிரித்தறிய ஒரு காளையின் மகள்களை, அதே கொட்டகையில் அதே பருவத்தில் ஈன்ற மற்ற மாடுகளோடு ஒப்பிடுகிறார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹெண்டர்சன் இதற்கான கணித முறையை வகுத்தார். பத்து மகள்களின் சராசரி எவ்வளவு உயர்ந்திருந்தாலும் இந்த முறை அதை நடுத்தரத்தை நோக்கிக் கீழே இழுக்கும். ஆயிரம் மகள்கள் இருந்தால் அவ்வளவாக இழுக்காது. அற்புதமான கட்டுப்பாடு இது. ஆசைப்பட்டு ஏமாறுவதைக் கணக்கே தடுத்துவிடுகிறது.

முன்பெல்லாம் மகள்கள் வளர்ந்து ஈன்று கறக்கும்வரை ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். 2009 முதல் அமெரிக்காவில் கன்றின் மரபணுவில் பல்லாயிரம் அடையாளக் குறிகளைப் படித்தே மதிப்பை வெளியிடுகிறார்கள். பால் விஷயத்தில் இதன் நம்பகத்தன்மை 70 சதவீதத்தை ஒட்டியிருக்கிறது. எண் நாளை ஏறவும் செய்யலாம், இறங்கவும் செய்யலாம் என்பதே இதன் பொருள். அதனால்தான் விவரம் தெரிந்த பண்ணையாளர் முதலிடத்திலிருக்கும் ஓர் இளங்காளையை மட்டும் நம்பாமல் நாலைந்து காளைகளைப் பிரித்துப் பயன்படுத்துகிறார்.

கண்ணும் ஏமாறக்கூடியதே. கண்காட்சிகளில் உயரமான, ஓங்கிய பசுக்களே பரிசு வாங்கின. ஹோல்ஸ்டீன்களும் தலைமுறைக்குத் தலைமுறை உயரமாகிக்கொண்டே போயின. பெரிய உடம்பு அதிகம் தின்னும். அமெரிக்காவில் காளைகளை வரிசைப்படுத்தும் 'நெட் மெரிட்' குறியீடு பெரிய உடம்புக்கு மதிப்பைக் குறைத்தே போடுகிறது. எண்ணும் தன் பங்குக்குத் தவறு செய்திருக்கிறது. பாலை மட்டுமே துரத்திய காலத்தில் சினை பிடிக்கும் திறன் சரிந்தது. அதற்கான மதிப்பை அமெரிக்கா 2003-இல்தான் வெளியிடத் தொடங்கியது. நார்வே நாட்டுச் சிவப்பு மாட்டை வளர்த்தவர்களோ 1970-களிலேயே சினையையும் மடிநோயையும் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். எதை அளப்பது என்று முடிவு செய்யும் இந்த இடத்தில்தான் மனிதரின் தீர்ப்பு எல்லாவற்றையும்விடக் கனமானது என்பேன்.

எங்கே அளந்தார்கள் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். சுவீடனின் உப்சாலாவிலுள்ள இன்டர்புல் மையம் ஒரே காளைக்கு ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி மதிப்பு கணக்கிட்டுத் தருகிறது. அடர்தீவனம் தின்று கொட்டகையில் கறக்கும் மகள்களை வைத்து முதலிடம் பிடித்த காளை, மேய்ச்சலை நம்பியிருக்கும் நியூசிலாந்தில் பின்தங்கிவிடலாம். தமிழ்நாட்டில் சமவெளிக்கு ஜெர்சி கலப்பு, நீலகிரி போன்ற மலைப்பகுதிக்கு ஹோல்ஸ்டீன் கலப்பு என்று வகுத்திருப்பதும் இதே காரணத்தால்தான். ஹோல்ஸ்டீன் கூடுதலாகக் கறக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நம் வெயிலில் அதற்கு மூச்சிரைக்கும், தீவனமும் அதிகம் வேண்டும். சிறிய பசுவுக்குப் பெரிய இனத்துக் கன்று தங்கினால் ஈனும்போது சிக்கிக்கொள்ளும் அபாயமும் உண்டு. தலையீற்றுக் கிடேரியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். இடுப்பு அகலத்தையும் உடல்கட்டையும் பார்த்துச் சொல்ல வேண்டியவர் மாட்டுக்கு அருகில் நிற்பவர்தான்.

சீஃபின் வம்சத்தை யாரும் ஒழித்துக்கட்டவில்லை. கேட்டைச் சுமக்கும் காளைகளை அடையாளமிட்டு, சுமக்கும் பசுவோடு சேர்க்காமல் தவிர்க்கிறார்கள். பால் வளம் வம்சத்தில் தொடர்கிறது. அதற்கு வேண்டியது தகப்பன் யார் என்ற பதிவு. இரண்டு மாடு வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும். உறைவிந்துக் குச்சி ஒவ்வொன்றிலும் காளையின் எண் அச்சிட்டிருக்கும். சினை ஊசி போட்ட தேதியோடு அந்த எண்ணையும் நோட்டில் குறித்து வைக்க வேண்டும். குறிக்காவிட்டால், பிறந்த கிடேரி மூன்று வருடம் கழித்துப் பருவத்துக்கு வரும்போது, அதன் தகப்பனுடைய குச்சியே அதற்கும் வந்து சேரலாம்.