எடை கூடுதலாக இருந்தால் முட்டி ஆபரேஷன் செய்யலாமா?

"பத்து கிலோ குறைச்சிட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்." முட்டி மாற்று அறுவை சிகிச்சைக்காக அலைகிற கனத்த உடம்புக்காரர்களில் பெரும்பாலோர் இதைக் கேட்டிருப்பார்கள். எப்படிக் குறைப்பது, எத்தனை மாதத்தில் குறைப்பது, குறையாவிட்டால் என்ன செய்வது என்பதையெல்லாம் அநேகமாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் சென்னையில் மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷனுக்கு முன்பு 'ஃபிட்னஸ்' வாங்க வருகிறவர்களைப் பரிசோதிப்பது என் வேலை. பெரம்பூர் பக்கத்திலிருந்து மகனோடு வந்த ஓர் அம்மா கோபமாகவே கேட்டார்: "நடந்தாத்தானே டாக்டர் எடை குறையும்? நடக்க முடிஞ்சா நான் ஏன் இங்க வரப்போறேன்?" லிஃப்ட் இல்லாத குடியிருப்பில் மூன்றாவது மாடி வீடு. கோயிலுக்குப் போவதைக்கூட விட்டுவிட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

முதலில் ஆபத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உயரம் 150 சென்டிமீட்டர், எடை 90 கிலோ என்றால் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் கணக்கு, 40. அந்தக் கட்டத்தைத் தாண்டினால் காயம் ஆறத் தாமதமாவது, கிருமித்தொற்று, காலில் ரத்தக்கட்டி எல்லாவற்றுக்கும் வாய்ப்பு கூடுகிறது. தொற்று உள்ளே இறங்கிவிட்டால் பொருத்திய மூட்டைக் கழற்றி, மாதக்கணக்கில் மருந்து கொடுத்து, மறுபடி போட வேண்டிவரலாம். ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நல்லபடியாக ஆபரேஷன் முடிந்தால், வலி குறைவதில் எடை கூடியவர்களுக்கும் ஒல்லியானவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. அதனால்தான் இங்கிலாந்தின் 2022 வழிகாட்டுதல், பிஎம்ஐயைக் காரணம் காட்டி யாரையும் மூட்டு மாற்றுக்கு அனுப்பாமல் இருக்கக் கூடாது என்கிறது. அமெரிக்க மூட்டு மருத்துவர்களின் 2023 வழிகாட்டுதலும், குறிப்பிட்ட எடைக்கு வரட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம் என்றுதான் பரிந்துரைக்கிறது. தள்ளிப்போடச் சொல்வது வேறு இரண்டு விஷயங்களுக்காக: கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, புகையிலை.

என் அனுபவமும் அதேதான். எடை மெஷினில் தெரியும் நம்பரைவிட, எடையோடு கூடவே வருகிற சமாச்சாரங்கள்தான் என்னைப் பயமுறுத்துகின்றன.

குறட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். "குறட்டை விடுவீங்களா?" என்று கேட்டால் நோயாளி "இல்லையே" என்பார்; பக்கத்தில் நிற்கும் வீட்டுக்காரர் சிரிப்பார். தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுந்திருக்கிறாரா, பகலில் டிவி பார்த்துக்கொண்டே தூங்கிவிடுகிறாரா என்று அவரிடம்தான் கேட்பேன். டேப் வைத்துக் கழுத்துச் சுற்றளவையும் எடுப்பேன். 40 சென்டிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கிறது. தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் பிரச்சினை இருப்பது தெரியாமல் ஆபரேஷன் அன்று இரவு பலமான வலி மருந்து கொடுத்தால், வார்டில் அவர் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கிவிடலாம். முன்கூட்டியே தெரிந்தால், தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தருகிற சிபாப் மெஷினுக்குப் பழக்கலாம், மருந்தை மாற்றலாம், முதல் இரவு கண்காணிப்பில் வைக்கலாம்.

பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்துதான் இந்த ஆபரேஷன் நடக்கிறது. கனத்த உடம்பில் முழு மயக்கத்தைவிட இதுவே பாதுகாப்பு என்பது என் கட்சி. மேஜை விளிம்பில் உட்கார வைத்து, தலையணையைக் கட்டிப்பிடிக்கச் சொல்லி, தாடையை நெஞ்சில் வைத்துக் குனியச் சொல்வோம். ஒல்லியானவர்களுக்கு முதுகெலும்பின் இடைவெளி விரலுக்குத் தட்டுப்படும். சதை கூடியவர்களுக்குத் தட்டுப்படாது. அல்ட்ராசவுண்ட் வைத்துத் தேடுவோம், சில சமயம் நீளமான ஊசி தேவைப்படும். நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். 'முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் இடுப்பு வலி' என்று தெருவுக்குத் தெரு சொல்கிறார்களே, அதை நம்ப வேண்டாம்.

யாரும் காட்டத் தயங்குகிற இடம் தோல் மடிப்பு. சென்னைப் புழுக்கத்தில் தொடை இடுக்கிலும் மார்புக்குக் கீழும் அடிவயிற்று மடிப்பிலும் படர்தாமரை வந்து மாதக்கணக்கில் இருக்கும். கூச்சத்தில் சொல்ல மாட்டார்கள். ஆபரேஷன் அன்று காலையில் துணியை விலக்கும்போது நர்ஸ் பார்த்துச் சொல்ல, தேதியே தள்ளிப்போகும். சில வார மருந்தில் ஆறுகிற விஷயம் அது. முதல் சந்திப்பிலேயே காட்டிவிடுங்கள். சொத்தைப் பல்லையும் அப்போதே கவனித்துவிடலாம்.

எச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8-க்கு மேல் இருந்தால் நான் தேதிக்குச் சம்மதிப்பதில்லை. முட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் மூன்று மாதமாவது போகட்டும்.

பலரும் எதிர்பார்க்காத ஒன்று, பருத்த உடம்பிலும் சத்துக் குறைவு இருக்கும். காலையில் இட்லி, மதியம் சாதம், ராத்திரி தோசை, நடுவில் காபியும் பிஸ்கட்டும் என்று ஓடுகிற வீட்டில் புரதம் எங்கே இருக்கிறது? ரத்தத்தில் அல்புமின் என்கிற புரதம் 3.5-க்குக் கீழே, ஹீமோகுளோபின் 9 என்று வருவார்கள். இந்த நிலையில் "எடை குறைக்கிறேன்" என்று ஒருவேளைச் சாப்பாட்டோடு நிறுத்தினால், கொழுப்போடு தொடைத் தசையும் கரையும். ஆபரேஷனுக்கு மறுநாள் வாக்கர் பிடித்து நிற்க வைக்கப்போவது அந்தத் தொடைத் தசைதான். முட்டை, சுண்டல், மீன், பருப்பு, தயிர் ஆகியவற்றைக் கூட்டி, சாதத்தைக் குறையுங்கள். நடக்க முடியாவிட்டாலும் கட்டிலில் காலை நீட்டி, முட்டிக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து அழுத்துகிற பயிற்சியைச் செய்யலாமே.

எடை குறைப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டி மேல் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்று 2005-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூடைட் ஊசி, எடையோடு முட்டி வலியையும் குறைப்பதாக 2024-இல் வெளியான ஆய்வும் உண்டு. அப்படி ஊசி போடுகிறவர்கள் தயவுசெய்து எங்களிடம் மறைக்காதீர்கள். அது இரைப்பை காலியாவதை மந்தப்படுத்துகிறது. ஆறு மணி நேரம் சாப்பிடாமல் வந்தாலும் வயிற்றில் உணவு தங்கியிருக்கலாம், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகலாம். ஊசியை நிறுத்துவதா, ஆபரேஷனுக்கு முந்தின நாள் திரவ உணவு மட்டும் எடுப்பதா என்று சேர்ந்து முடிவு செய்யலாம்.

ஆகவே "குறைச்சிட்டு வாங்க" என்று சொன்னால் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். எத்தனை கிலோ, யார் உதவுவார்கள், மறுபடி எந்தத் தேதியில் பார்ப்பீர்கள், அதற்குள் குறையாவிட்டால் என்ன என்று அங்கேயே கேளுங்கள். மூன்று மாதம் என்று கெடு வைத்துச் சர்க்கரை, ரத்தம், தோல், தூக்கம் நான்கையும் சரிசெய்துகொண்டு வருகிறவரை, எடை அவ்வளவாகக் குறையாமல் இருந்தாலும் நான் தயங்காமல் மேஜையில் ஏற்றுவேன்.

இன்னொன்று. நம் ஊரில் 'ரெண்டு முட்டியையும் ஒரே நாளில் முடிச்சிடுங்க' என்று கேட்கிற குடும்பங்கள் அதிகம். மகனுக்கு ஒரே லீவு, ஒரே செலவு என்கிற கணக்கு. பிஎம்ஐ 40-ஐத் தாண்டியவருக்கு, அதிலும் மூச்சுத் தடையோ இதயக் கோளாறோ இருந்தால், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். செலவுதான் கவலை என்றால், ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை போன்ற இடங்களில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் செய்துகொள்ள வழி இருக்கிறது, போய் விசாரியுங்கள். அதிகம் வலிக்கிற காலை முதலில் செய்துகொண்டு, அதை நன்றாக ஊன்றி நடக்க ஆரம்பித்த பிறகு அடுத்ததற்குத் தேதி வாங்குங்கள்.