சுவிட்ச் எப்போது மறக்க வேண்டும்?

கார்த்திகை மழையோடு வந்த இடியில் கல்லடியில் நான் பார்த்துவரும் ஒரு கணனி நிலையத்தின் ரவுட்டர் போய்விட்டது. புதிதொன்றை வாங்கி, பழையதன் ஐபி முகவரியையே கொடுத்துப் பூட்டினோம். இணையம் வரவில்லை. மறுநாள் காலையிலும் இல்லை. "அண்ணன், ரவுட்டர் நல்லாத்தான் இருக்கு. சுவிட்ச்தான் இன்னும் பழைய ஆளைத் தேடுது" என்றான் அங்கே வேலை செய்யும் தம்பி. சரியாகத்தான் சொன்னான். சுவிட்ச் என்பது கணனிகளையும் ரவுட்டரையும் கேபிளால் இணைக்கும் பெட்டி. எங்களுடையது ஐபி முகவரியைப் பார்த்து வழிகாட்டவும் செய்யும்.

ஈதர்நெட் என்ற கேபிள் வலையமைப்பில் தரவு ஐபி முகவரியை மட்டும் நம்பிப் போய்ச் சேராது. கருவியின் வன்பொருள் முகவரியான 48 பிட் மெக் முகவரியும் வேண்டும். அதைக் கண்டுபிடிக்கும் ஏஆர்பி என்ற முறையை டேவிட் பிளமர் 1982 நவம்பரில் எழுதி வைத்தார். மாமாங்கத் தீர்த்தத்தன்று ஒலிபெருக்கியில் ஒரு பெயரைக் கூப்பிட்டால் எல்லாருக்கும் கேட்கும், உரியவர் மட்டும் வருவார் அல்லவா? அதே போலத்தான். "இந்த ஐபி யாருடையது?" என்று எல்லாக் கருவிக்கும் கேள்வி போகும். உரிய கருவி மட்டும் தன் மெக் முகவரியைச் சொல்லும். கேட்டவர் அதைக் குறித்து வைப்பார்.

எங்கள் சுவிட்சில் யாரோ முன்பு பழைய ரவுட்டரின் மெக் முகவரியைக் கையால் நிலையாக எழுதியிருந்தார்கள். நிலையான பதிவு காலாவதியாகாது. செத்துப்போன ரவுட்டரின் மெக் முகவரிக்கே சுவிட்ச் இரவு முழுக்க அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வரியை அழித்ததும் எல்லாம் வந்தது.

தானாகக் கற்ற பதிவுக்கு ஆயுள் உண்டு. சிஸ்கோ நிறுவனத்தின் ஐஓஎஸ் மென்பொருள் ஓடும் சுவிட்சுகளில் அது வழக்கமாக 4 மணித்தியாலம். ஆனால் எந்த மெக் எந்தப் போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) இருக்கிறது என்ற இன்னொரு அட்டவணையும் சுவிட்சுக்குள் இருக்கிறது. அது 5 நிமிடத்தில் மறந்துவிடும். பலர் கவனிக்காத சிக்கல் இதுதான். கமராப் படங்களை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கும் ஒரு ரெக்கோடரை எடுத்துக்கொள்ளுங்கள். 5 நிமிடம் அது வாய் திறக்கவில்லை என்றால், சுவிட்சுக்கு அதன் மெக் தெரியும், போர்ட் தெரியாது. அப்போது வரும் படங்களை அந்த விலானின் (சுவிட்சுக்குள் பிரித்து வைத்த தனி வலையமைப்பின்) எல்லாப் போர்ட்டுக்கும் கொட்டும். வலையமைப்பு காரணம் புரியாமல் மந்தமாகும்.

ஏஆர்பி நேரத்தை 240 செக்கனாகக் குறைத்தேன். இப்போது போர்ட் மறக்கப்படுமுன் சுவிட்ச் மறுபடி கேட்கிறது. ரெக்கோடர் பதில் சொல்லும்போது அதன் போர்ட்டும் புதுப்பிக்கப்படுகிறது. கேள்விகள் கூடும்தான், ஆனால் சில டசின் கருவிகளுக்கு அது ஒரு பாரமே இல்லை.

அப்படியானால் நிலையான பதிவை ஏன் எழுதினார்கள்? பயத்தில் என்று நினைக்கிறேன். பயம் நியாயமானது. ஏஆர்பி யாரையும் சரிபார்க்காது. மாணவர் ஒருவரின் மடிக்கணனி "நான்தான் வாசல்", அதாவது வெளியே போகும் ரவுட்டர், என்று சொன்னால் மற்றக் கணனிகள் நம்பிவிடும். அதற்கு நல்ல மருந்து டைனமிக் ஏஆர்பி இன்ஸ்பெக்ஷன். கருவிகளுக்குத் தானாக ஐபி கொடுக்கும் டிஎச்சிபி எந்த ஐபியை யாருக்குக் கொடுத்தது என்ற பதிவோடு ஒவ்வொரு ஏஆர்பி செய்தியையும் அது ஒப்பிட்டு, பொருந்தாததைத் தள்ளிவிடும். முதலில் அந்தப் பதிவைச் சேர்த்து வைக்கும் டிஎச்சிபி ஸ்னூப்பிங்கை இயக்கிவிட்டுத்தான் இதை இயக்க வேண்டும். மாறி இயக்கினால் எல்லாருடைய இணைப்பும் அறுந்துவிடும். அப்புறம், கையால் ஐபி கொடுத்த கருவிகள் டிஎச்சிபி பதிவில் இருக்காது. எங்கள் பிரிண்டர் அப்படித்தான் மாட்டியது. அதன் ஐபியையும் மெக்கையும் அனுமதிப் பட்டியலில் சேர்த்த பிறகே அச்சடித்தது.