டார்மன்சி: உறக்கநிலை

விதையோ கிழங்கோ மொட்டோ உயிருடன் இருந்தும், ஈரமும் வெப்பமும் கிடைத்தும், தனக்குரிய காலம் வரும்வரை வளராதிருக்கும் நிலையைத் தாவரவியலார் டார்மன்சி என்பர். உறங்குதலைக் குறிக்கும் 'தொர்மீரே' என்னும் இலத்தீன் வினையே இதன் வேர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழில் 'செயலற்ற நிலை', 'உறக்கநிலை' என இரண்டும் வழங்குகின்றன. பின்னதே பொருந்தும் என்பதற்குச் செங்காந்தள் நல்ல சான்று.

காட்டோரப் புதர்களைப் பற்றிப் படரும் இக்கொடியை உழவர் கண்வலிக்கிழங்கு என்றும், கிழங்கின் வடிவத்தால் கலப்பைக்கிழங்கு என்றும் அழைப்பர். விதையிலிருந்து வளர்ப்பவர் இதில் இரண்டு உறக்கங்களைக் காணலாம். செந்நிறச் சதை போர்த்த புதுவிதையை உடனே ஊன்றினால் பெரும்பாலும் முளைப்பதில்லை. அதன் உறக்கம் கலையப் பல மாதங்கள் ஆகும். முளைத்த நாற்றோ, முதற்பருவத்தில் மெல்லிய தண்டும் சில இலைகளும் விட்டு, அவை ஆக்கிய உணவை மண்ணுக்குள் ஒரு சிறு கிழங்காகச் சேர்த்துவைத்தபின் மேலே முழுவதும் காய்ந்துவிடுகிறது. செடி பட்டுப்போயிற்று என்று இந்த நேரத்தில் தொட்டியைக் கவிழ்த்துவிடுவது பெரிய இழப்பு. இவ்வாறு ஆண்டுதோறும் உறங்கியெழுந்து கிழங்கு பருத்த பிறகே, மூன்று நான்கு ஆண்டுகளில், பூ வரும்.

உறங்கும் கிழங்கு செயலற்றதன்று. அது சுவாசிக்கிறது; சேமித்த மாவுப்பொருளைச் சிறுகச் சிறுகச் செலவிடுகிறது. மழைக்காலத்தில் நுனிமொட்டு முளைவிட்டதும், பழைய கிழங்கு தன் சத்தைக் கொடிக்குக் கொடுத்துச் சுருங்கிப்போக, அடுத்த ஆண்டுக்குரிய புதுக்கிழங்கு உருவாகிறது.

'தூக்கநிலை' என்றும் சொல்லலாமே எனில், தூங்குதலுக்குத் தொங்குதல் என்பதே பழம்பொருள்; உறக்கத்தில் அந்த இருபொருள் மயக்கம் இல்லை. நீர் இல்லாததால் மட்டும் வளராதிருந்து, நீர் வார்த்தவுடன் முளைப்பதை 'ஓய்வு' எனத் தனியே பிரிப்பது தெளிவு தரும். உறக்கம் கலைந்து மீண்டும் வளர்வதை 'மறுதாம்பு' என்பது பொருந்தாது. அது அறுத்த தாளின் அடிக்கட்டையிலிருந்து வரும் விளைச்சலுக்குரிய சொல். கிழங்குக்கு 'முளைவிடுதல்' என்னும் வழக்குச் சொல்லே போதும்.

உறக்கம், ஓய்வு என்னும் இந்த வேறுபாடு தண்ணீர் விடுவதிலும் உதவும். உறங்கும் கிழங்குக்கு ஓயாமல் நீர் ஊற்றினால் அது எழாது, அழுகும். தோண்டி வைப்பவர்கள் கிழங்கின் நுனி ஒடியாமல் பார்க்க வேண்டும். முளைக்கும் மொட்டு அங்கேதான் இருக்கிறது.