கொண்டை ஊசி வளைவில் ஸ்போர்ட்ஸ் கார்: வேகம், பிடிப்பு, பிரேக்

விடுமுறை நாட்களில் மேட்டுப்பாளையம் – குன்னூர் பாதையில் மஸ்டாங், போர்ஷே, ஆடி என்று ஸ்போர்ட்ஸ் கார்கள் கூட்டமாக ஏறி வருகின்றன. ஊட்டி வந்து சேர்ந்ததும் பேச்சு ஒன்றுதான்: எது வேகம், எது வளைவில் நன்றாகத் திரும்புகிறது? கேள்வியில் தவறில்லை. அதற்கான விடையை நம் மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்துத் தேடுவதுதான் ஆபத்து. கார் வாங்குபவர்கள் பார்க்கும் '0–100 எத்தனை விநாடி' என்ற எண் இங்கே எவ்வளவு குறைவாகப் பயன்படுகிறது என்பதைக் கணக்குப் போட்டே காட்டலாம்.

கொண்டை ஊசி வளைவில் கார் போடும் வட்டத்தின் ஆரம் 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நல்ல ஸ்போர்ட்ஸ் டயர், காய்ந்த சாலையில், காரின் எடைக்குச் சமமான பக்கவாட்டுப் பிடிப்பைத் தரும். அப்படியென்றால் அந்த வளைவின் உச்ச வேகம் மணிக்கு 39 கி.மீ. சாதாரணக் குடும்பக் காரின் டயர் அதில் ஐந்தில் நான்கு பங்கு பிடித்தால்கூட 35 கி.மீ. வரும். மழையில் பிடிப்பு பாதியானால் எந்தக் காராக இருந்தாலும் 28 கி.மீ.தான். இந்தக் கணக்கில் இன்ஜின் எங்குமே வரவில்லை. கோடிக்கணக்கில் விலையுள்ள காரும் வாடகைக் காரும் வளைவுக்குள் 4 கி.மீ. வித்தியாசத்தில்தான் நிற்கின்றன.

சரி, இரண்டு வளைவுகளுக்கு நடுவே உள்ள நேர்ப்பாதையில்? 150 மீட்டர் நேர்ப்பாதை, 35 கி.மீ. வேகத்தில் வெளியே வந்து, முழு வேகம் எடுத்து, கடைசி நொடியில் பலமாகப் பிரேக் பிடித்து, அடுத்த வளைவுக்குள் அதே 35-இல் நுழைவதாக வைத்துக்கொள்ளுங்கள். 100 கி.மீ. வேகத்தை 4 விநாடியில் எட்டும் காருக்கும் நாலரை விநாடியில் எட்டும் காருக்கும் அங்கே விழும் வித்தியாசம் 0.15 விநாடி. 11 விநாடி எடுக்கும் குடும்பக் கார்கூட, 5.5 விநாடிக் காரைவிட ஒன்றேகால் விநாடிதான் பின்தங்கும். அந்த ஒன்றேகால் விநாடியைப் பெற, வேகமான கார் நடுவில் 115 கி.மீ.யைத் தொட்டாக வேண்டும். காய்ந்த சமதளச் சாலையிலேயே, கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி என்று கொண்டால், 40 கி.மீ. வேகத்தில் கார் நிற்க 20 மீட்டர் ஆகும். 80-இல் 57 மீட்டர். பர்லியார் பக்கம் பலா பழுக்கும் பருவத்தில் யானைகள் சாலைக்கு வரும். தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் சாலையோரமாகத்தான் நடக்கிறார்கள். வளைவுக்கு அப்பால் 57 மீட்டர் நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

இன்ஜின் சக்தியின் ஒப்பீட்டையும் மலை மாற்றி எழுதிவிடும். இந்தியாவுக்கு 2016-இல் வந்த மஸ்டாங் ஜிடி-யில் 5 லிட்டர் வி8 இன்ஜின், ஏறக்குறைய 400 குதிரைத்திறன், டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) கிடையாது. 2019-இல் வந்த 992 தலைமுறை போர்ஷே 911 கரேராவில் 3 லிட்டர் இரட்டை டர்போ, 385 குதிரைத்திறன். காகிதத்தில் மஸ்டாங் முந்துகிறது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம்; அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். டர்போ இல்லாத இன்ஜின் அந்த மெல்லிய காற்றையே உறிஞ்சுவதால் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழக்கும். டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று அந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். தொட்டபெட்டா ஏறும்போது 'வண்டி இழுக்கவில்லை' என்று டர்போ இல்லாத காரின் ஸ்பார்க் பிளக்கையும் ஃபில்டரையும் மாற்றத் தேவையில்லை. கீழே இறங்கினால் சக்தி தானாகத் திரும்பும்.

இனி கையாளும் விதம். மூன்று அமைப்புகள் மூன்று விதமாகத் தவறு செய்யும். இறக்கத்தில் அந்தத் தவறு இன்னும் பெரிதாகும்.

911-இல் இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் பின் சக்கரங்கள் மீது. ஏற்றத்தில் இது வரம்: வளைவை விட்டு வெளியே வரும்போது பின் டயர்கள் சாலையைக் கவ்விப் பிடித்துத் தள்ளும். இறக்கத்தில் பாதி பலத்துடன் பிரேக் பிடித்தாலே காரின் எடையில் பத்தில் ஒரு பங்கு முன்னால் போய்விடும். அந்த நிலையில் வளைவுக்குள் நுழைந்துவிட்டு, 'வேகம் அதிகமோ' என்று பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் இன்னும் லேசாகி, கனமான இன்ஜின் வெளிப்பக்கமாக வீசப்படும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, வளைவுக்குள் காலை ஒரே அளவில் வைத்திருப்பதே 911-க்குரிய ஓட்டுமுறை.

மஸ்டாங்கில் கனமான வி8 முன்னால். இறக்கத்தில் முன் டயர்களே பிரேக் சுமை, திருப்பும் சுமை இரண்டையும் தாங்க வேண்டும். தாங்க முடியாதபோது ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் நேராகவே போகும். இன்னும் திருப்பினால் இன்னும் மோசம். ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் டயர் மறுபடி பிடிக்கும். ஈரச் சாலையில் வளைவின் முடிவில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் தவறு நேர்மாறாகும்: முறுக்கு விசை மொத்தமும் பின் சக்கரங்களுக்குப் போவதால் வால் சுழலும். அகலத்தையும் கவனியுங்கள். கண்ணாடிகளையும் சேர்த்தால் மஸ்டாங் 2 மீட்டரைத் தாண்டும். எதிரே இரண்டரை மீட்டர் அகலத்தில் அரசுப் பேருந்து வளைவெடுத்து வரும்போது அந்தக் கூடுதல் அங்குலங்கள் எங்கிருந்து வரும்? குறுகிய மலைச்சாலையில் மேலே ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது சட்டம்.

போர்ஷேயின் 718 கேமன் போல இன்ஜின் நடுவில் உள்ள கார்கள் நினைத்த நொடியில் திரும்பும். எடை நடுவில் குவிந்திருப்பதால் சுழலத் தொடங்கினாலும் அதே வேகத்தில் சுழலும். ஓட்டுபவர் சுதாரிக்கக் கிடைக்கும் நேரம் குறைவு. நான்கு சக்கர இயக்கம் உள்ள கார்கள் ஏற்றத்திலும் மழையிலும் அருமையாக இழுக்கும். பிரேக் பிடிக்கும்போது அந்த வசதியால் எந்தப் பயனும் இல்லை, எல்லாக் காருக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாததால்தான் மழைக்காலத்தில் நம்பிக்கையோடு ஏறியவர்கள் அதே நம்பிக்கையோடு இறங்கித் தடுமாறுகிறார்கள்.

பிரேக்கைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். 1,500 கிலோ எடையுள்ள 911 குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது சுமார் 1,500 மீட்டர் உயரத்தை இழக்கிறது. அந்த ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். முழுவதும் வெப்பமானால் 75 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகும் அளவு அது. எடை கூடுதலான மஸ்டாங்குக்கு இன்னும் அதிகம். காற்றும் இன்ஜினும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி நான்கு டிஸ்க்குகள் தலையில். இரண்டாவது கியரில் இறங்கினால் இன்ஜின் எடுக்கும் பங்கு கூடும். ஆட்டோமேட்டிக் காரில் 'டி'யில் விட்டால் பெட்ரோல் மிச்சம் பிடிக்க அது மேல் கியருக்கே ஓடும். மேனுவல் மோடுக்கு மாற்றி, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள இடது பேடிலால் இரண்டாவது கியரில் நிறுத்துங்கள். எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி வசதி காரை நேராக்க ஒவ்வொரு சக்கரமாகப் பிரேக் பிடிப்பதால், முரட்டுத்தனமாக ஓட்டினால் நீங்கள் பெடலைத் தொடாமலே டிஸ்க் சூடாகும். அதற்காக அந்த வசதியை அணைத்துவிடக் கூடாது. ஓட்டும் வேகத்தைத்தான் குறைக்க வேண்டும்.

'பிரேக் பிடிக்கவில்லை' என்று சொல்லப்படுவதில் இரண்டு வகை உண்டு. பெடல் கல் மாதிரி இருக்கிறது, கார் மட்டும் நிற்கவில்லை என்றால் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் அதிகச் சூட்டில் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி அடிவரை போனால் பிரேக் ஆயில் கொதித்துக் குழாயில் ஆவி நிற்கிறது. இரண்டாவது மிகக் கொடியது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 தரப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அதற்குரிய குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். ஆண்டுக்கு 2,000 கி.மீ.கூட ஓடாத ஸ்போர்ட்ஸ் காரில் 'ஓடவே இல்லையே' என்று ஆயிலை மாற்றாமல் விடுவது நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு. நின்றாலும் ஓடினாலும் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பெடல் அமுங்கிப் போனால்: வேகமாகப் பலமுறை மிதியுங்கள், ஓரளவு அழுத்தம் திரும்பக்கூடும். அதே நேரத்தில் கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள பெரும்பாலான கார்களில் பட்டனை விடாமல் இழுத்துப் பிடித்தால் அவசரப் பிரேக்காக வேலை செய்யும். எதுவும் உதவாவிட்டால் பள்ளத்துப் பக்கம் வேண்டாம், மலைப் பக்கத்தில் உரசி நிறுத்துங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். ரேஸ் பேட் போட்ட கார்களுக்கு ஆபத்து இதற்கு நேர் எதிராக வரும்: ஊட்டிக் குளிரில் காலை முதல் வளைவில் அந்தப் பேடுகள் சூடேறாமல், சரியாகப் பிடிக்காது.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையை உதாரணம் காட்டிப் பேசுபவர்கள் அதிகம். 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான சரிவு. பிரேக் சூடாகி நடந்த விபத்துகளால்தான் வெளியூர் வண்டிகள் ஊட்டியிலிருந்து அந்த வழியாக இறங்கத் தடை இருக்கிறது. அதைக் காரின் திறமைக்கான பரீட்சையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டயர் அழுத்தத்தில் ஒரு வியப்பான விஷயம் உண்டு. கோயம்புத்தூரில் 33 டிகிரி வெயிலில் 33 பிஎஸ்ஐ வைத்துவிட்டு ஏறினால், ஊட்டியில் 10 டிகிரி குளிர் காற்றைச் சுருக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவது மானியில் அளவைக் கூட்டிக் காட்டும். இரண்டும் ஏறக்குறைய சமமாகி, மானி மறுபடி 33-க்குப் பக்கத்திலேயே நிற்கும். ஏறி வந்த கையோடு, டயர் சூடாக இருக்கும்போது அளந்து, 'கூடிவிட்டது' என்று காற்றை இறக்குவதுதான் சிக்கல். மறுநாள் காலை அதே டயர் 3, 4 பிஎஸ்ஐ குறைந்து கிடக்கும். கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயர்களின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைத்துவிடும். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தாவில் உறைபனி விழும் காலை நேரத்திலும், கொடைக்கானலில் விடியும் முன்பும் இதை நினைவில் வையுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. டயரின் மேற்பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் பழைய ரப்பர் ஈரத்தில் வழுக்கும்.

இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் உள்ள கார்களுக்கு ஒரு வார்த்தை. ஏற்றத்தில் போக்குவரத்து நின்றால் ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்திக் காரை நிறுத்திப் பிடிக்காதீர்கள், கிளட்ச் வழுக்கிச் சூடேறும். முன் வண்டிக்கு இடைவெளி விட்டு, பிரேக்கில் நின்று, ஒரே மூச்சாக ஏறுங்கள்.

ஒப்பிட்டே பார்க்க வேண்டும் என்றால் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அங்கேயும் முறையாகச் செய்தால்தான் பலன். இரண்டு கார்களிலும் ஒத்த ரக டயர், பாதி டேங்க் பெட்ரோல், ஒரே ஓட்டுநர். முதல் காரை ஓட்டி, இரண்டாவது காரை ஓட்டி, மறுபடி முதல் காரை ஓட்டுங்கள். முதல் காரின் இரண்டு நேரங்களுக்கும் உள்ள வித்தியாசம், கார்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருந்தால், நீங்கள் அளந்தது காரை அல்ல. தளத்தின் சூட்டையும் ஓட்டுநரின் பழக்கத்தையும்தான். டிராக் முடிந்து மலையேறும் முன் பேடின் தடிமனைப் பாருங்கள். 3 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தாலோ, பெடல் காலையில் இருந்ததைவிட ஆழமாக இறங்கினாலோ, காரைக் கோயம்புத்தூரிலேயே நிறுத்திவிட்டுப் பேடையும் ஆயிலையும் மாற்றிய பிறகு ஏறுங்கள்.