மாற்று சிகிச்சைக்குப் பின் வரும் திடீர் மறதி

எலும்பு மஜ்ஜை மாற்று முடிந்து மூன்று வாரம் இருக்கும். ரத்த அணுக்கள் ஏறத் தொடங்கிவிட்டன, குடும்பத்துக்கும் நிம்மதி. அப்போது நோயாளி, "டாக்டர் இன்னும் வரலையா?" என்கிறார். டாக்டர் இப்போதுதான் பார்த்துவிட்டுப் போயிருப்பார். "ராத்திரி தூக்கமே இல்ல, அதான்" என்று கூட இருப்பவர்கள் சமாதானம் சொல்வார்கள். தூக்கம் கெடுவதும், இந்த மறதியைத் தரும் மூளை அழற்சியின் அறிகுறியாக இருக்கலாம் என்பதுதான் சிக்கல்.

ஹெர்பிஸ் என்றால் பலருக்கும் உதட்டுக் கொப்புளமும் அக்கியும்தான் தெரியும். அந்த வைரஸ் குடும்பத்தில் எச்எச்வி-6பி என்றொன்றும் உண்டு. அநேகமாக எல்லோருக்கும் சிறு குழந்தையிலேயே தொற்றி, உடம்பிலேயே தங்கிவிடும். மாற்று சிகிச்சைக்குப் பின் எதிர்ப்புச் சக்தி அடங்கிக் கிடக்கும்போது, பெரும்பாலும் 2 முதல் 6 வாரத்துக்குள், அது தலைதூக்கலாம். தொப்புள்கொடி ரத்தத்தில் எடுத்த ஸ்டெம் செல் என்றால் அபாயம் இன்னும் அதிகம். புது நினைவுகள் பதியும் மூளைப் பகுதியைத்தான் அது குறிவைக்கும். அதனால் கல்யாணத் தேதி சரியாக வரும், காலையில் சாப்பிட்டது வராது. காய்ச்சல் இல்லாமலும் வரும். சோடியம் குறையலாம், வலிப்பும் வரலாம்.

எதிர்ப்புச் சக்தியை அடக்கத் தரும் டாக்ரோலிமஸ் மாத்திரையும் கை நடுக்கம், குழப்பம் தரும் என்பதால் பழியை அதன்மேல் போட்டுவிடுவது சுலபம். முதல் எம்ஆர்ஐ சுத்தமாக இருந்தாலும் நான் நிம்மதியடைய மாட்டேன். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்து, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை பார்த்தாக வேண்டும். அதிலும் ஒரு குழப்பம் உண்டு: சுமார் 1 சதவீதம் பேருக்கு இந்த வைரஸ் மரபணுவிலேயே பரம்பரையாக வந்திருக்கும். அவர்களுக்கு மூளையில் நோயே இல்லாமல் பாசிட்டிவ் காட்டலாம்.

"அசைக்ளோவிர்தான் ஏற்கெனவே போடுறாரே?" என்று கேட்பார்கள். சாதாரண ஹெர்பிஸ் மூளை அழற்சிக்கு அது உயிர்காக்கும் மருந்து. சந்தேகம் வந்தாலே, முடிவு வரும்வரை காத்திராமல் நரம்பு வழியே தொடங்கிவிடுவோம். எச்எச்வி-6க்கு அது போதாது. கேன்சிக்ளோவிர் அல்லது ஃபாஸ்கார்னெட் வேண்டும். முன்னது இப்போதுதான் வேர்பிடிக்கும் மஜ்ஜையை அமுக்கும், பின்னது சிறுநீரகத்தைப் படுத்தும். ஆளைப் பார்த்துத்தான் தேர்வு. பிழைத்தவர்களில் சிலருக்கு மறதி நிரந்தரமாகவே தங்கிவிடுவதால், தொடங்கத் தாமதிக்க மனம் வராது.

சிறுநீரகம், கல்லீரல் மாற்றியவர்களுக்கு இது அபூர்வம். அவர்களுக்கு அக்கி வந்தபின் பேச்சு குழறினாலோ ஒரு பக்கம் பலமிழந்தாலோ உடனே வர வேண்டும். அக்கி வைரஸ் மூளை ரத்தக் குழாயைத் தாக்கிப் பக்கவாதம் வரவழைக்கும்.

போன் செய்யும்போது மறதி எந்த நாளில் தொடங்கியது, கடைசியாக ரத்தத்தில் பார்த்த டாக்ரோலிமஸ் அளவு என்ன என்று இரண்டையும் சொல்லுங்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குறைப்பதா வேண்டாமா என்று மாற்று சிகிச்சைக் குழு பார்த்துக்கொள்ளும்.